பொத்தானுக்கும் திரைக்கும் நடுவே

இணையம் வழியாகக் கணினி விளையாட்டு ஆடுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே வரும் கேள்வி ஒன்றுதான்: "உங்கள் இணைப்பு எத்தனை எம்பிபிஎஸ்?" எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கேட்பவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இணைப்பை விற்பவர்கள் காலங்காலமாக அந்த ஓர் எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். ஆனால் பொத்தானை அழுத்தியபின் திரையில் இருப்பவன் குதிக்க எவ்வளவு நேரமாகிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் ஒன்றுவிட்ட உறவுகூடக் கிடையாது என்று சொல்லிவிடலாம்.

என் ஏற்பாடு இது. நல்ல கிராபிக்ஸ் கார்டு பொருத்திய டெஸ்க்டாப் வீட்டில் இருக்கிறது. வாரநாட்களில் வேலைக்காக நான் வேறு ஊரில், ஓர் அறையில், பழைய லேப்டாப் ஒன்றோடு இருக்கிறேன். விளையாட்டு ஓடுவது வீட்டுக் கணினியில்; அதன் படத்தை இணையத்தில் அனுப்புவது அங்கிருக்கும் சன்ஷைன், லேப்டாப்பில் வாங்கிக் காட்டுவது மூன்லைட். இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா, இதே வேலையைச் செய்த தன் கேம்ஸ்ட்ரீம் வசதியை 2023இல் நிறுத்திக்கொண்டபின் பலரும் வந்து சேர்ந்த இடம் இதுதான். இதே வகை மென்பொருள்களான பார்செக்கோ ஸ்டீம் லிங்க்கோ வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். மெனுவில் பெயர்கள்தான் மாறும்.

மவுஸை அழுத்தினால் நடப்பது என்ன? அந்தச் செய்தி இணையம் வழியாக வீட்டுக்குப் போகிறது. விளையாட்டு அதைப் படித்து அடுத்த பிரேமை, அதாவது திரையில் காட்ட வேண்டிய அடுத்த படத்தை, வரைகிறது. சன்ஷைன் அதைப் பிடிக்கிறது, என்கோடர் சுருக்குகிறது, பாக்கெட்டுகளாக நறுக்கப்பட்டு அது கிளம்புகிறது. லேப்டாப் அவற்றைச் சேர்த்து, விரித்து, திரையில் காட்டுகிறது. போக்குக்குப் பாதி, வரவுக்குப் பாதி என்று இந்தச் சுற்றில் பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) முழுதாக ஒரே ஒரு முறைதான் சேரும். என் பிங் 18 மில்லி விநாடி. ஆனால் கை உணர்ந்த தாமதம் 150. மீதியை யார் தின்றார்கள் என்று தேடிப் போனதில் தெரிந்தது, வழியில் எந்தப் பகுதியும் மெதுவாக ஓடவில்லை என்பதுதான். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று வரிசையில் காத்து நின்றுகொண்டிருந்தது. அந்த வரிசைகளைக் குறைப்பதுதான் மொத்த வேலையும்.

அளக்காமல் எந்த அமைப்பிலும் கை வைக்காதீர்கள். கணினியில் மூன்லைட் ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், எஸ் நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரையின் மூலையில் புள்ளிவிவரங்கள் வரும்: வீட்டுக் கணினி ஒரு பிரேமைத் தயாரிக்க எடுத்த நேரம், வலைத் தாமதம், டிகோடு செய்யும் (சுருக்கியதை விரிக்கும்) நேரம், வழியில் தொலைந்த பிரேம்களின் சதவீதம். நல்ல கருவிதான், ஆனால் அதற்கு இரண்டு இடங்கள் தெரியாது. விளையாட்டு தனக்குள் எடுத்துக்கொள்ளும் நேரமும் உங்கள் திரை எடுத்துக்கொள்ளும் நேரமும் அதன் கணக்கில் வராது.

அதற்குக் கைப்பேசியின் ஸ்லோமோஷன் கேமரா போதும். விநாடிக்கு 240 படம் எடுத்தால் ஒரு படத்துக்கு 4.17 மில்லி விநாடி. மவுஸும் திரையும் ஒரே காட்சியில் விழும்படி கைப்பேசியைச் சாய்த்து நிறுத்துங்கள். விளையாட்டில் இருட்டான சுவர் ஒன்றின் எதிரே போய் நின்று சுடுங்கள். பிறகு வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். விரல் இறங்கும், பொத்தான் அடியைத் தொடும், அதன்பின் ஒன்றுமே நடக்காது. விரல் அப்படியே இருக்க, திரை அப்படியே இருக்க, படம் மட்டும் நகரும். கொஞ்சம் எரிச்சலூட்டும் காட்சி. ஒரு கட்டத்தில் துப்பாக்கி முனையில் வெளிச்சம் தெரியும். நடுவே 36 படங்கள் போயிருந்தால் 150 மில்லி விநாடி. ஒரே ஓர் அளவை நம்ப வேண்டாம். அழுத்திய கணம் பிரேமின் எந்தப் பகுதியில் விழுந்தது என்பதைப் பொறுத்து எண் கூடும், குறையும். பல முறை சுட்டு, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, இதே சோதனையை வீட்டில் டெஸ்க்டாப்பின் எதிரே உட்கார்ந்து செய்ய வேண்டும். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. எனக்கு நேரடியாகவே 75 வந்தது. அதாவது நான் இணையத்தின் தலையில் போட்டிருந்த பழியில் பாதி, இணையம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

ஆகவே முதல் வேலை வீட்டுக் கணினியில். விளையாட்டின் மெனுவில் வி-சிங்க்கை அணையுங்கள். அது இயங்கும்போது, வரைந்து முடித்த பிரேம்கள் திரையின் முறை வரும்வரை காத்திருக்கும். வரையப்பட வேண்டியவை அவற்றுக்குப் பின்னால் நிற்கும். விண்டோஸில் விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் இயல்பாக மூன்று பிரேம்கள்வரை இப்படி முன்கூட்டியே அடுக்க விடுகிறது. விநாடிக்கு 60 பிரேம் என்றால் ஒன்றுக்கு 16.67, மூன்றுக்கு 50 மில்லி விநாடி. நீங்கள் அழுத்திய பொத்தான் அந்த மூன்றுக்கும் பின்னால்தான் படமாகும். வி-சிங்க் இல்லாவிட்டால் படம் கிழியுமே (இரு பிரேம்களின் துண்டுகள் ஒரே சமயத்தில் திரையில் தெரியுமே) என்று நானும் தயங்கினேன். என் ஸ்ட்ரீமில் கிழிசல் எதுவும் தெரியவில்லை.

ஆனால் அணைத்துவிட்டு அப்படியே விட்டால் கிராபிக்ஸ் கார்டு தன் முழு பலத்தோடு ஓடும். 99 சதவீதம் ஓடுகிறது என்று அதைப் பெருமையாகக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங்குக்கு அது கேடு. என்விடியா கார்டுகளில் வீடியோவைச் சுருக்கும் என்வென்க் தனிச் சுற்றுதான், விளையாட்டோடு போட்டி போடாது. ஆனால் பிடித்த பிரேமை என்கோடருக்கு ஏற்ற நிற வடிவத்துக்கு மாற்றும் வேலை அதே கார்டின் பொதுக் கணிப்பகுதியில்தான் நடக்கிறது. கார்டு நிரம்பியிருந்தால் அந்தச் சிறு வேலை விளையாட்டின் பெரிய வேலைக்குப் பின்னால் நிற்கும். எனவே பிரேம் வீதத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள், நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்குங்கள், கார்டு 85, 90 சதவீதத்துக்குள் நிற்கட்டும். வரம்பு போட்டதும் மூலையில் தெரியும் வீட்டுக் கணினியின் தயாரிப்பு நேரம் 14இலிருந்து 6ஆக இறங்கியது. விளையாட்டின் மெனுவில் என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தால் யோசிக்காமல் போட்டுவிடுங்கள். 2020இல் வந்த அந்த வசதியின் வேலையே, கார்டு வாங்கிக்கொள்ளத் தயாராகும் முன் பிராசசர் வேலையைக் குவித்துவைக்காமல் பார்த்துக்கொள்வதுதான்.

இவ்வளவும் செய்தபின் நேரடி அளவு 75இலிருந்து 45க்கு வந்தது. இணையத்தை இன்னும் தொடவே இல்லை.

இனி பிட்ரேட், அதாவது படத்தை விநாடிக்கு எத்தனை பிட்டில் அனுப்புவது என்ற அளவு. அதிக பிட்ரேட் என்றால் தெளிவான படம், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு நேரமும் செலவாகும். முழு எச்டியில் 60 பிரேம் தேர்ந்தெடுத்தால் மூன்லைட் தானாக 20 எம்பிபிஎஸ் வைக்கும். ஒரு பிரேமுக்குப் பிரித்தால் சராசரியாக 3,33,000 பிட். வீட்டு இணைப்பின் அப்லோடு வேகம் 25 எம்பிபிஎஸ் என்றால் அந்த ஒரு பிரேம் கம்பியில் முழுதாக ஏறி முடிக்கவே 13.3 மில்லி விநாடி ஆகிறது. கடைசிப் பாக்கெட் போய்ச் சேராமல் லேப்டாப்பால் படத்தைக் காட்ட முடியாது. அதாவது தூரம் எதுவும் கடப்பதற்கு முன்பே, வாசலைத் தாண்டுவதற்கு ஏறத்தாழ ஒரு முழு பிரேமின் நேரம். இது சராசரிதான். வெடிகுண்டு வெடித்து, திரையில் எல்லாமே ஒரே சமயத்தில் மாறும்போது பிரேம்கள் பெரிதாகும், சரியாக அந்த நேரத்தில்தான் கை சிக்கும். ஒலியும், தொலைந்த பாக்கெட்டை ஈடுகட்டும் உபரித் தரவும் வேறு அதே வாசலில் நுழைய வேண்டும்.

அதனால் நான் 8 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினேன். அதே கணக்கில் ஒரு பிரேமுக்கு 5.3 மில்லி விநாடி. படம் கெடாமல் இருக்க எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறைக்குப் பதில் எச்.இ.வி.சி.; அது குறைந்த பிட்டில் அதே தரத்தைத் தரும். ஏவி1 இன்னும் சிக்கனம், ஆனால் என் லேப்டாப்பின் சில்லு அதை வன்பொருளில் விரிக்காது. மென்பொருளில் விரிக்கவிட்டால் டிகோடு நேரம் எகிறி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். உங்கள் கருவி எதை வன்பொருளில் விரிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். புல்வெளியில் ஓடும்போது இலைகள் கொஞ்சம் குழம்பித் தெரிகின்றன. ஓடும்போது இலையை யார் பார்க்கிறார்கள்?

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, முக்கியம் வீட்டின் அப்லோடு வேகம் என்பதுதான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது டவுன்லோடு வேகம். பல இணைப்புகளில் அப்லோடு அதில் ஒரு சிறு பங்குதான்.

அப்லோடு என்றதும் வீட்டிலிருக்கும் என் அக்கா மகன் நினைவுக்கு வருகிறான். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்குமேல் திடீரென்று பிங் 18இலிருந்து 340க்குப் போகும். கால் மணி நேரம் கழித்துத் தானாகவே இறங்கும். தொலைபேசியில் அவனைப் பிடித்தேன்.

"இப்போது ஏதாவது அப்லோடு செய்கிறாயா?"

"இல்லையே மாமா, படித்துக்கொண்டிருக்கிறேன்."

"போன் எங்கே?"

"சார்ஜில் போட்டிருக்கிறேன். ஏன் மாமா?"

அதுதான். சார்ஜில் போட்டதும் அன்றைய வீடியோக்கள் தாமாகவே பேக்கப்புக்குக் கிளம்புகின்றன. அவன்மேல் தவறில்லை. ஒரு கைப்பேசி வீடியோ அனுப்பினால் வீட்டிலுள்ள மற்றவர்களின் பிங் ஏன் இருபது மடங்கு ஏற வேண்டும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காரணம் மோடத்தின் நினைவகம். வெளியே போகும் கம்பி நிரம்பினால் மோடம் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைக்கிறது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பு அனுப்பும் டி.சி.பி. வகை இணைப்புகளில் பெரும்பாலானவை, பாக்கெட் தொலையும்வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும். தொலையாவிட்டால் நிறுத்தாது. ஆகவே சேமிப்பிடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவும் நிரம்பும். ஒரு மெகாபைட் இடம் 25 எம்பிபிஎஸ் கம்பியில் வடிய 320 மில்லி விநாடி ஆகும். என் விளையாட்டின் சின்னஞ்சிறு பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். 18ஐக் கூட்டினால் நான் பார்த்த 340 ஏறக்குறைய அப்படியே வந்துவிடுகிறது.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் இதை ஊரறியப் பேசத் தொடங்கினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்பதை அது பொருட்படுத்துவதில்லை. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்க்கிறது. 5 மில்லி விநாடிக்குமேல் நிற்பது தொடர்ந்தால் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியத் தொடங்குகிறது. அனுப்புபவர் அதைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். அதன் அடுத்த வடிவம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி வரிசை வைப்பதால், வீடியோ பேக்கப்பின் கூட்டம் விளையாட்டின் பாக்கெட்டை மறிப்பதில்லை.

ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற திறந்த மூல மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்.க்யூ.எம். என்ற பெயரில் இது கிடைக்கும். செய்ய வேண்டியது ஒன்றே: உண்மையான அப்லோடு வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எண்ணை அதில் எழுதுவது. என் 25க்கு 22 எழுதினேன். ஏன் குறைக்க வேண்டும்? மோடத்தின் வேகத்திலேயே அனுப்பினால் வரிசை மோடத்துக்குள் உருவாகும், அங்கே நமக்கு அதிகாரம் இல்லை. ரவுட்டர் கொஞ்சம் மெதுவாக அனுப்பினால் வரிசை ரவுட்டருக்குள்ளேயே நிற்கும். அங்கே கோடெல் கையில் கம்போடு இருக்கிறது. வேகச் சோதனையில் இனி எண் குறைவாகத்தான் வரும், வரட்டும். இப்போது அக்கா மகன் முழு வேகத்தில் பேக்கப் செய்தாலும் பிங் 23ஐத் தாண்டுவதில்லை. இந்த வேலைக்கு ரவுட்டரின் பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும். மிக வேகமான இணைப்பில் மலிவான ரவுட்டர் திணறிப்போகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வசதியே இல்லாத ரவுட்டர் என்றால், பேக்கப்பை விடிகாலைக்குத் தள்ளி வைக்கும்படி வீட்டாரிடம் பேசுவது ஒன்றுதான் வழி.

பாதையையும் ஒரு முறை பாருங்கள். வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அடைய நான் டெயில்ஸ்கேல் என்ற தனியார் வலை (வி.பி.என்.) மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அடியில் இருப்பது வயர்கார்ட் என்ற குறியாக்க முறை. டெயில்ஸ்கேல் முடிந்தால் இரு கணினிகளையும் நேராக இணைக்கும், முடியாவிட்டால் ஓர் இடைநிலை சர்வர் வழியாக அனுப்பும். இரண்டிலும் விளையாட்டு ஓடும் என்பதுதான் ஆபத்து. ஏதோ தாமதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிட்ரேட்டைத் திருகிக்கொண்டிருப்பீர்கள். பாக்கெட்டுகளோ வேறொரு நாட்டைச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருக்கும். டெயில்ஸ்கேலின் பிங் கட்டளை, பதில் நேராக வந்ததா இடைநிலையில் வந்ததா என்று சொல்லிவிடும். நேர்ப்பாதை அமையாததற்கு வழக்கமான காரணம், இணைப்பு நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இரு முனையிலும் ஐபிவி6 (பகிர வேண்டாத அளவுக்கு முகவரிகள் கொண்ட புதிய இணைய முகவரி முறை) இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை தீரும். ரவுட்டரில் அது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள்.

வைஃபை பற்றி எல்லோரும் சொல்வதையே நானும் சொல்வேன்: வீட்டுக் கணினிக்குக் கேபிள் போடுங்கள், பேரமே வேண்டாம். ஆடும் பக்கத்தில் கேபிள் முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அதிகம் சொல்லப்படாதது வேறு ஒன்று இருக்கிறது. சராசரி பிங் அழகாக இருக்கும், ஆனால் சீரான இடைவெளியில் ஒரு தடங்கல் வரும். சீரான இடைவெளி என்றாலே யாரோ கடிகாரம் வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று பொருள். வைஃபை சில்லு வேறு அலைவரிசைகளில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கப் போய்விட்டு வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் பாக்கெட்டுகள் காத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டில் இருப்பிட அமைப்புக்குள் இருக்கும் வைஃபை ஸ்கேனிங்கையும், மேக்கில் ஏர்டிராப்பையும் அணைத்துப் பாருங்கள். புளூடூத் கன்ட்ரோலர் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுவதால், வைஃபையும் அதே அலையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். கன்ட்ரோலரை யு.எஸ்.பி. கம்பியில் மாட்டினால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

டிவியில் ஆடுபவர்கள் கேம் மோடைப் போட்டார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாமல் டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கு முன்னால் மேலே சொன்ன சிக்கனமெல்லாம் சில்லறை.

இப்போது என் கேமராவில் பொத்தானுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே 20 படங்கள் போகின்றன. சுமார் 85 மில்லி விநாடி. அதில் 45 விளையாட்டுடையது, 18 பாதையுடையது, மிச்சத்தை என்கோடரும் வாசலும் டிகோடரும் திரையும் பங்கிட்டுக்கொள்கின்றன. பாதையின் 18இல் இனி நான் தொட எதுவும் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவென்றால் போய்வர 10 மில்லி விநாடி, அதுவும் இழை நூல் பிடித்தாற்போல் நேராகப் போனால். 2010இல் தொடங்கி 2015இல் மூடிய ஆன்லைவ், 2019இல் தொடங்கி 2023 ஜனவரியில் மூடிய ஸ்டேடியா போன்ற, விளையாட்டைத் தங்கள் சர்வரில் ஓட்டி அனுப்பிய சேவைகள் சர்வர்களை ஆடுபவர்களுக்கு அருகே கொண்டுபோய் வைத்து இந்தத் தொலைவோடு மல்லுக்கட்டின. என் சர்வர் வீட்டில் கட்டிலுக்கு அருகில் இருக்கிறது, அதை நகர்த்த முடியாது.

எனவே விளையாட்டுகளைப் பிரித்துக்கொண்டேன். வியூக விளையாட்டுகள், கதை விளையாட்டுகள், கன்ட்ரோலரில் நிதானமாகக் கார் ஓட்டுவது எல்லாம் அறையில். 85 அங்கே உறைப்பதே இல்லை. மவுஸில் குறிபார்த்துச் சுடுவது மட்டும் கொஞ்சம் உறுத்தும், ஏனென்றால் மவுஸ் நகர்ந்த கணமே பார்வை நகர வேண்டும் என்று கை எதிர்பார்க்கிறது. கன்ட்ரோலரின் குச்சியிடம் அதே கை அவ்வளவு கறாராக இருப்பதில்லை. எதிரியின் வாளைச் சரியான பிரேமில் தட்டிவிட வேண்டிய சண்டை விளையாட்டுகளை லேப்டாப்பில் நிறுவக்கூட இல்லை. அவை சனிக்கிழமைக்கு.